மறுகாலில் நின்ற குதிரை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகக் கை கழுவிக்கொண்டிருந்தார். முதலில் சோப்பு, அப்புறம் சீயக்காய், அதுவும் பத்தாமல் நல்லெண்ணெய் தடவி வேப்பங்குச்சியால் நகக்கண்ணைச் சுரண்டினார். வெள்ளி நிறம் போகவில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிறவரின் கை அது. கல்யாணத்தன்று என் கழுத்தில் தாலி கட்டியதும், பிள்ளைகளைத் தூக்கியதும் அந்த நிறக் கைதான். "குதிரைக்கு மருந்து வாட ஆகாது செல்வி. கிட்ட சேக்காது" என்றார்.

"என்னயக் கட்ட வந்தப்ப இதுல பாதி தேச்சிருக்கலாம்ல மச்சான்" என்றேன். அவர் குச்சியை அடுத்த நகத்துக்கு மாற்றினார். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த மாதம். வாரம் ஆறு நாளும் வேன் ஏறி வேன் இறங்கி, ஞாயிற்றுக்கிழமைதான் மனுசனுக்குத் தூக்கம். அந்தத் தூக்கத்தையும் நான்தான் கெடுத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் முத்துக்கருப்பன் குதிரை ஏறினவர் என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் முத்துராமலிங்கம் ஐயாவின் தோட்டத்தில் என் மாமனார் வேலை பார்த்தார். அங்கே ஒரு குதிரை நின்றது. சின்ன வயதில் இவர் அதில் ஏறி, கோயில் கொடைப் பந்தயத்தில் ஓட்டி, இரண்டு வருஷம் ஜெயித்துத் துண்டு கட்டி வந்ததாகச் சொல்லுவார். இவருக்கு இருபத்தியொரு வயதில் தொடர்ந்து மழை பொய்த்தது. ஐயா குதிரையை விற்றார். தோட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி வேனில் ஏறினார்கள், இவரும் ஏறினார். அதற்குப் பிறகுதான் எங்கள் கல்யாணம். நான் அவரைக் குதிரைமேல் பார்த்ததே இல்லை. திருவிழாவில் எங்காவது குதிரை வந்தால் சின்னவள் சினேகா, "அப்பா, ஒங்க சொந்தக்காரங்க வந்திருக்காங்க" என்பாள். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார்.

ஆனியில், எங்களுக்கு இரண்டு ஊர் தள்ளி ஒரு கம்பெனியில் மருந்து அறை வெடித்துப் போனது. உள்ளே மூன்று பேர். அதில் உக்கிரபாண்டி இவரோடு ஒன்றாகத் தொழில் பழகினவர். சாவுத் துஷ்டி கேட்டுவிட்டு வந்த மனுசர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை, மூன்றாம் நாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போய் நின்றார். நானும் அதே கம்பெனிதான், திரி சொருகுகிற செட்டில் வேலை. என் செட்டுக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு மண் மேடு. நாள் முழுக்க என் காது அந்த மேட்டுக்கு அந்தப் பக்கமே கிடக்கும். இந்தப் பயத்தோடு எத்தனை வருஷம் திரி சொருகுவது? எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்போதுதான் ஐயாவின் மகன் அழகுராஜா புதிதாகக் குதிரை வாங்கியிருக்கிறார், ஏறிப் பழக்க ஆள் தேடுகிறார் என்று வேனில் கூட வரும் குருவம்மாள் சொன்னாள். சம்பளம் குறைச்சல்தான். குறையட்டும், சாயந்திரம் ஆள் முழுசாக வீட்டுக்கு வருமே. "இருபது வருசமாச்சு செல்வி. இடுப்பு வளையாது" என்றார். "வளையாட்டி நான் வளைச்சு விடுதேன். கெளம்புங்க" என்றேன்.

நாலு மணிக்கே தோட்டத்துக்குப் போய்விட்டோம். சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த அழகுராஜா வந்து சேரும்போது ஆறரை ஆகிவிட்டது. "மன்னிச்சுக்க முத்துக்கருப்பா, பந்தியில பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க. இருட்டுறதுக்குள்ள ஒரு சுத்து காட்டிரு. கண்மாக்கரை வழியா போயி, மறுகாலத் தாண்டித் திரும்பி வா" என்றார். தோட்டத்தை ஒட்டித்தான் கண்மாய். நிறைந்தால் தண்ணீர் வழிந்து போவதற்குக் கல் பாவியிருக்கும் மறுகால், நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடிகூட இல்லை. அந்த வருஷம் அது காய்ந்து கிடந்தது.

செம்மண் நிறத்தில் ஒரு பெண்குதிரை. இவர் கையை நீட்டியதும் மோந்து பார்த்து, தலையை விலக்கிக்கொண்டது. இவர் கையை இழுக்கவில்லை. அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி மோந்தது, பிறகு பெரிய மூச்சாக விட்டது. இவர் சேணத்து அங்கவடியில் கால் வைத்து எம்பினார், முடியவில்லை. அழகுராஜா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார், அந்த மரியாதைக்கு அவர் நன்றாக இருக்கட்டும். இரண்டாவது தடவை இவர் எம்பி உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததும் ஆள் மாறிப்போனார். வேனில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூன் போட்டு நிற்கும் மனுசர், முதுகு நிமிர்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி, கழுத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கரைமேல் போனார். முதலில் நடை, அப்புறம் ஓட்டம். கருவேலமரங்களுக்குப் பின்னால் தலை மட்டும் போவது தெரிந்தது. பதினேழு வருஷம் கூடப் படுத்து எழுந்தவளுக்கு அன்றுதான் புருசனை முதல்தடவை பார்ப்பதுபோல இருந்தது. எனக்கு வெட்கம்கூட வந்தது. இத்தனை காலம் சிரித்தோமே என்று அழுகையும் வந்தது. "அப்பா சொன்னது சரியாத்தான் இருக்கு. கை இன்னும் மறக்கல" என்றார் அழகுராஜா. நாளைக் காலையில் வேனுக்காரரிடம் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் வாசகம் கூட்டத் தொடங்கினேன்.

சுற்றி வந்து மறுகாலில் இறங்கும்போது நன்றாகவே மங்கிவிட்டது. குதிரையின் லாடம் கல்லில் உரசியது. குளம்புக்கடியில் சின்னதாக ஒரு பொறி. அடுத்து இன்னொன்று.

"ஓடு!"

அது அவர் குரல். அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் ஓடிக்கொண்டிருந்தேன். நின்றபோது பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்குள் பாதி தூரத்தில் இருந்தேன், காலில் செருப்பு இல்லை. பொறியைக் கண்டால் எடுக்காதே, பார்க்காதே, யாரையும் கூப்பிடாதே, ஓடு. கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது அதுதான். இரும்பு உரசிப் பொறி வந்துவிடக் கூடாது என்றுதான் தினமும் வாசலில் சோதனை. கொண்டை ஊசி, தாலியில் மாட்டிய ஊக்கு, இரும்பு என்று எது இருந்தாலும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரையும் கூப்பிடாதே என்பதை மட்டும் அவர் மீறிவிட்டார்.

திரும்பி வந்தேன். குதிரை மறுகால் நடுவில் கடிவாள வார் தொங்கத் தனியாக நின்றுகொண்டிருந்தது. இவர் அந்தப் பக்கச் சரிவில் தலையைக் கைகளால் மூடிக் குப்புறக் கிடந்தார்.

அழகுராஜா ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா, விளுந்துட்டியா?"

இவர் எழுந்து மண்ணைத் தட்டினார். முழங்கையில் ரத்தம். "விளலய்யா. நானாத்தான் குதிச்சேன்."

"எதுக்கு?"

இவர் முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். சொன்னால் அழகுராஜாவுக்கு என்ன விளங்கும்? நெருப்பு என்றால் அவருக்கு அடுப்பு, பீடி, சாமிக்குக் காட்டுகிற சூடம்.

அழகுராஜா நல்ல மனுசர்தான். "இங்கன எங்கிட்டுப் போனாலும் கல்லுதான் முத்துக்கருப்பா. லாடம் இல்லாமக் குதிர இல்ல. இன்னொரு தடவ ஏறி, மறுகாலத் தாண்டிட்டு வா. தாண்டிட்டா நாளையிலருந்து இங்கன வேல. முடியாதுன்னாலும் குத்தமில்ல, சொல்லிரு" என்று சொல்லிவிட்டு, மாட்டுத் தொழுவப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இவர் குதிரையிடம் போனார். ஏறவில்லை. குத்த வைத்து, அதன் முன்காலை மடக்கித் தன் தொடைமேல் வைத்து, லாடத்தில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டார். குதிரை பொறுமையாகக் கால் கொடுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"செல்வி" என்றார். "சுடவேயில்ல. தொட்டுப் பாரு."

நான் கரையில் நின்றேன். கால் வரவில்லை.

"அங்கனயே நிக்காத தாயி. நீ அம்புட்டுத் தள்ளி நின்னா எனக்கும் ஓடத்தான் தோணுது. பக்கத்துல வா."

லாடத்தைவிட்டுக் கையை எடுத்து, எழுந்து, சேணத்தைப் பிடித்தார். வெள்ளி நகங்கள் அந்த மங்கலிலும் தெரிந்தன. ஒரு காலை அங்கவடியில் வைத்துக்கொண்டு, எம்பாமல் என்னையே பார்த்தார். கல் சில்லென்றிருக்கும், வெறும் கல்தான், நாலு எட்டு வைத்தால் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுகால் விளிம்பில் காலை வைக்கப் போன பிறகுதான் கவனித்தேன். என் விரல்கள் தாலியில் மாட்டியிருந்த ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தன.