கல்யாணமாகாத தொப்பி

சம்டோலுக்கு நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊரில் கல்யாணமானால்தான் ஆணுக்குக் குடுமியும் தொப்பியும்; அதனால் முதுகில் இன்னும் பின்னல் தொங்கியது. பின்னல் உள்ளவனை யாரும் 'டா' போடலாம். பக்கத்து வீட்டு யுன்சிக்கும் போட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. போன மாதம் கல்யாணமாகிக் குடுமியும் புது மாப்பிள்ளையின் மஞ்சள் புல்தொப்பியும் வந்துவிட்டன.

சந்தை நாளன்று சம்டோல் பின்னலை அவிழ்த்து உச்சியில் குடுமி போட்டான். குடுமிக்காரர்களைப் போல மயிர் கலையாமலிருக்க நெற்றிப்பட்டி கட்டி, மேலே இரவல் வாங்கிய கறுப்புக் குதிரைமயிர்த் தொப்பியை வைத்தான். முன்கியோங் கணவாய் தாண்டினால் அவனை யாருக்கும் தெரியாது. ஒரு வேளைச் சோறாவது மரியாதையோடு சாப்பிட வேண்டும்.

"வாங்க, உக்காருங்க," என்றாள் கணவாய்க்கு அப்பால் சந்தையில் சாப்பாட்டுக் கடைக்காரி. விதவை. "வீட்ல சௌக்கியமா?"

"அவளுக்குத்தான் இடுப்பு வலி."

"பிள்ளைங்க?"

"மூணு."

இரண்டாவது கிண்ணக் கள்ளில் பிள்ளைகள் ஐந்தானார்கள். நெற்றிப்பட்டி மூக்குக்கு நழுவியது. மேலே தள்ளிவிட்டான்.

மழை பிடித்தது. மஞ்சள் தொப்பி ஒன்று கடைக்குள் ஓடி வந்தது. யுன்சிக், மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில். அவன் சம்டோலின் தொப்பிக்குள் தெரிந்த குடுமியைப் பார்த்தான். பிறகு சம்டோல் இடுப்பில் செருகியிருந்த, மழைக்குப் போடும் எண்ணெய்த்தாள் தொப்பியுறையைப் பார்த்தான். அருகில் வந்து உட்கார்ந்தான்.

"உறையக் குடுடா," என்று கிசுகிசுத்தான்.

"என் தொப்பி நனைஞ்சா வீணாப் போயிடும். இரவல்."

"என்னோடத மாமியார் பாக்கணும். சத்தமாப் பேசட்டுமா?"

சம்டோல் உறையைக் கொடுத்தான். யுன்சிக் வாசலில் நின்று குனிந்து வணங்கினான்.

"வரேங்க அண்ணே. அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க."

மழை விடவில்லை. உறையில்லாமல் கிளம்ப முடியாது. மூன்றாவது கிண்ணம் வந்தது. பட்டி மறுபடி நழுவியது.

"உங்களுக்குக் கல்யாணம் ஆகலை," என்றாள் கடைக்காரி.

சம்டோல் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"தினமும் இறுக்கிக் கட்டுற ஆம்பளைக்குக் கண்ணோரம் மேல ஏறியிருக்கும். உங்க பட்டி மூக்குல உக்காந்திருக்கு. வந்தப்பவே பாத்தேன்."

"பின்ன ஏன் மரியாதையாப் பேசுனீங்க?"

"அஞ்சு பிள்ளை பெத்தவராச்சே."

அவன் தொப்பியின் நாடாவை அவிழ்க்கப் போனான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

"தலையைக் குனிங்க."

பட்டியின் கயிறுகளைப் பிடித்து இழுத்தாள். அவன் கண்கள் மேலே ஏறின. நீர் வந்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றான்.