மாட்டுப் பேர்

சிம்மாசனம் ஏறிய பிறகும் நியூ டாவெய்யை அந்தப் பேர் விடவில்லை. சீனத்தில் நியூ என்றால் மாடு. அப்பன் மாட்டுவண்டி ஓட்டியவன் வேறு. எங்கேயாவது ஒரு மாடு கத்தினால் போதும், வடக்கு ராஜ்ஜியத்துத் தூதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

சடங்கு மந்திரி ஃபான் ஒரு பூர்வீகத்தைக் கண்டுபிடித்தார். ராஜா உண்மையில் லூ குலமாம், தலைமுறை தலைமுறையாக மந்திரிகளைப் பெற்ற குலம். குழந்தையில் தொலைந்துபோய் வண்டிக்காரன் வீட்டில் வளர்ந்தாராம். மறுநாள் புது மூதாதையர் கோயிலில், தூதர்கள் முன்னால் அதை அறிவிப்பதாக ஏற்பாடு.

இதை ராணியும் கேட்டாள். அவள் பிறந்ததே லூ குலத்தில். அந்தப் பெருமைக்காகத்தானே அவளைக் கட்டிக்கொண்டான்! ஒரே குலப்பேர்க்காரர்கள் செய்துகொண்டால் அது கல்யாணமே இல்லை, பிறந்த பிள்ளைக்குப் பட்டமும் இல்லை. அத்தனை படித்த ஃபானுக்கு இது உறைக்கவே இல்லை, பாருங்கள்.

அவள் சொன்னதும் ஃபான் ராஜாவைத்தான் பார்த்தார். ராஜாதான் வழி சொன்னான். கோயிலில் முதன்முதலாக மது படைக்கிற மருமகள் தன் குலப்பேரை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை.

“நியூன்னு சொல்லிடு. வெறும் பேருதானே.”

“வெறும் பேருன்னா நீங்களே வெச்சுக்கலாமே?”

பெண்ணுக்கு வரலாற்றில் நிற்பது குலப்பேர் ஒன்றுதான். அதையும் கேட்கிறானே, பாவி.

“என் பிள்ளை உடம்புல லூ ரத்தம் இருக்குன்னா அது நான் குடுத்தது. அதையும் இல்லேன்னு சொல்லிட்டா அவனுக்கு என்ன மிச்சம்?”

“நாடு மிச்சம்,” என்றான் தரையைப் பார்த்தபடி. “லூன்னு சொன்னா அதுவும் இல்ல.”

காலையில் கோயில் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அவளைப் பெற்றவர், ராஜா கொடுத்த புதுப் பட்டு அங்கியில். பலிபீடத்தில், இப்போது ராஜாவின் மூதாதையராகிவிட்ட அவளுடைய தாத்தாவின் பேர் செதுக்கிய பலகை; சிறு வயதிலிருந்து அவள் விழுந்து கும்பிட்ட பலகை. ஓரத்தில் தாதியின் கையைப் பிடித்தபடி மகன் நின்றான்.

“மருமகள் எந்தக் குலம்?” ஃபானின் குரல் பிசிறியது.

அப்பா குனிந்த தலை நிமிரவில்லை. தூதர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவள் மகனைப் பார்த்தாள்.

“நியூ,” என்றாள் உரக்க.

ஒரு தூதர் வாயைப் பொத்திச் சிரித்தார். பழக்க தோஷம், முகம் சிவந்தது என்னவோ ராஜாவுக்குத்தான். அவள் சொந்தத் தாத்தாவுக்கு மாட்டுக்காரன் வீட்டு மகளாக நின்று மது வார்த்தாள்.