பாலத்தில் நிறுத்தப்பட்ட ஞானத்தகப்பன்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். ஒரு பாலத்தின் கதை சொல்கிறேன். பயப்படாதீர்கள், இதில் யாரும் சாகமாட்டார்கள். நெஞ்சு மட்டும் கொஞ்சம் படபடக்கும்.

மடவாஸ்கா ஊருக்கும் எட்மண்ட்ஸ்டன் ஊருக்கும் நடுவில் ஓடுவது ஓர் ஆறு. இந்தக் கரை அமெரிக்கா, அந்தக் கரை கனடா. இரண்டிலும் அதே பிரெஞ்சுப் பேச்சு, அதே குடும்பங்கள், அதே ஊர்வம்பு. ஒரு கரையில் பெட்ரோல் போட்டு மறு கரையில் பெண் கொடுக்கிறவர்களுக்குப் பாலம் என்பது கொல்லைக் கதவு மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கொல்லைக் கதவை நோக்கித்தான் நோர்மான் வண்டியை ஓட்டினார். பக்கத்தில் மனைவி ஜசிந்த். எட்மண்ட்ஸ்டனில் வாழ்க்கைப்பட்ட மகள் கொலெட்டின் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தைக்காகக் கோவிலில் வாக்குக் கொடுக்கும் ஞானத்தகப்பன் என் அப்பாதான் என்று கொலெட் சொல்லிவிட்டாள். தானே அந்த இடத்தில் நிற்க ஆசைப்பட்ட மருமகனின் மாமன் ஃபெர்னானுக்கு அது பிடிக்கவில்லை. “குடிகாரன் கையிலயா பச்சப் புள்ளையக் கொடுக்கப் போறீங்க?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருந்தான்.

நோர்மான் குடித்தவர்தான். ஒரு காலத்தில் குடித்துவிட்டு வண்டியோட்டிப் பக்கத்து வீட்டு வேலியைச் சாய்த்தார், நீதிமன்றம் தண்டித்தது. அன்றோடு விட்டார். ரம் ஊற்றிய கேக்கைக்கூட முகர்ந்து பார்த்துத் தள்ளிவைப்பார். வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ ஒரு சொட்டு வரக்கூடாது என்பது அவர் சட்டம்.

அந்தச் சட்டத்தைத்தான் ஜசிந்த் மீறியிருந்தாள். பின்னால் டிக்கியில், குழந்தைக்குப் பின்னிய கம்பளிக்குள், ஒரு விஸ்கி பாட்டில் ஒளிந்து கிடந்தது. பேரப்பிள்ளையை வாழ்த்தி ஆளுக்கொரு மடக்குக் குடிக்க ஒன்றும் இல்லாமல் பெண்ணைப் பெற்றவள் போய் நின்றால், சம்பந்தி வீட்டார் வருஷமெல்லாம் சொல்லிக்காட்டுவார்கள். பாலம் தாண்டியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

பாலத்தின் மறுமுனையில், கனடா எல்லைச் சாவடியில், போசே என்ற இளம் அதிகாரி குனிந்து பார்த்தாள். “எங்க போறீங்க, ஐயா?”

“பேரனுக்கு ஞானஸ்நானம், மகளே. நான்தான் ஞானத்தகப்பன்.”

“துப்பாக்கி, புகையிலை, மது ஏதாவது இருக்கா?”

நோர்மானுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. “மதுவா? என் வண்டியிலயா? மூடியைக்கூட பாக்க முடியாது. சந்தேகமா இருந்தா என் பொண்டாட்டியக் கேளு!”

போசே சிரித்தபடி ஜசிந்தைப் பார்த்தாள். ஒரு தலையாட்டல் போதும், வண்டி போய்விடும். டிக்கியைத் திறக்கச் சொன்னால்? குடிகாரன், பொய்யன் என்ற இரண்டு பட்டமும் அந்த மனுஷன் தலையில்தானே விழும்?

“டிக்கியில ஒரு பாட்டில் இருக்கும்மா,” என்றாள் ஜசிந்த். “நான் வச்சது. அவருக்குத் தெரியாது.”

நோர்மான் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சொல்லமாட்டேன்.

“ஒரு பாட்டில் தப்பில்லம்மா. இல்லைன்னு சொன்னதுதான்... வண்டிய ஓரமா விட்டுட்டு உள்ள வாங்க.”

உள்ளே போசே கணினியைத் தட்டினாள். தட்டத் தட்ட அவள் முகத்துச் சிரிப்பு வடிந்தது. “ஐயா, குடிச்சிட்டு வண்டி ஓட்டுன வழக்கு ஒண்ணு இருக்கே?”

“அது பழைய கதை. அதுக்கப்புறம் இந்தப் பாலத்துல எத்தனையோ தடவ வந்து போயிட்டேன்.”

“அப்ப யாரும் பாக்கல. இப்ப பாத்துட்டேனே. எங்க நாட்டுல அது பெரிய குத்தம், ஐயா. தனி அனுமதி இல்லாம உள்ள விட முடியாது.”

அமெரிக்கக் கரையில் தீர்த்த வழக்கு கனடாக் கரையிலும் தீர்ந்தது என்று நம்பியிருந்தார்கள், பாவம். கொல்லைக் கதவுக்கு யார் சட்டம் படிக்கிறார்கள்?

இன்று ஒரு நாளைக்காவது விடும்படி நோர்மான் கேட்டார். போசே உள்ளறைக்குப் போய் மேலதிகாரியிடம் பேசினாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் தலை இடம்வலமாக ஆடுவதை இருவரும் பார்த்தார்கள்.

“நீங்களாவே திரும்பிப் போயிடுங்க,” என்றாள் வந்து. “டிக்கியத் தொறக்கறதுக்கு முன்னாடியே அம்மா உண்மையச் சொன்னதால, பொய் சொன்னதா எழுதல. முறையா மனு போடுங்க. வழி இருக்கு. ஆனா இன்னிக்கு இல்ல.”

நோர்மான் பெஞ்சில் சரிந்தார். “நல்லா வச்சடி கொள்ளி! ஃபெர்னான் இந்நேரம் கழுத்துப்பட்டைய இறுக்கிக்கிட்டு நிப்பான்.”

“நிக்கட்டும்.”

“நிக்கட்டுமாம்! என் பேரன் காலம்பூரா அவனையில்ல ஞானத்தகப்பன்னு கூப்பிடுவான்!”

டிக்கியிலிருந்த கம்பளியை ஜசிந்த் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். சட்டென்று கை நின்றது.

“நோர்மான், உங்க தாத்தா காலத்துல ஆம்பளைங்க பனி உருகுற வரைக்கும் மரம் வெட்டுற காட்டுல கெடந்தாங்களே. அப்ப பொறந்த புள்ளைங்களுக்கு ஞானத்தகப்பன் இல்லாமலா போச்சு?”

“அவங்க பேரச் சொல்லி வேற யாராவது நிப்பாங்க.” அவர் மெல்ல நிமிர்ந்தார். “வாக்கு காட்டுல இருக்கறவனோடது. வாய் மட்டும்தான் நிக்கறவனோடது.”

“என் வாய் போதுமா?”

“உன் வாயா? ஊருக்கே போதுமேடி, கிழவி!” என்றார். எழுந்து தொப்பியைக் கழற்றினார். “மகளே போசே, நீயும் கேட்டுக்க. அந்தப் புள்ளைக்கு நான்தான் ஞானத்தகப்பன். எனக்குப் பதிலா இவ நிக்கறா.”

போசே கதவைத் திறந்து பிடித்தாள். “கேட்டுக்கிட்டேன், ஐயா. சீக்கிரம் போங்கம்மா.”

பாட்டிலைச் சாவடியிலேயே விட்டுவிட்டுக் கம்பளியோடு நடந்தாள் ஜசிந்த். ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. மேட்டுத் தெருவில் மூச்சு முட்டியது. கோவிலுக்குள் நுழைந்தபோது குழந்தையை ஞானஸ்நானத் தொட்டியருகே கொண்டுவந்துவிட்டார்கள். ஃபெர்னான் முன்னால் நின்றான்.

“எங்க உன் புருஷன்? மறுபடியும் வேலியில மோதிட்டானா?”

ஏதாவது நோய் நொடி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் குருவைப் பார்த்து, கோவில் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: “ஃபாதர், பழைய குடி வழக்குக்காக நோர்மானை எல்லையில நிறுத்திட்டாங்க. இன்னிக்கு அவர் நிதானமாத்தான் இருக்கார், என்னிக்கும் போல. அவர் வாக்கக் கொண்டு வந்திருக்கேன்.”

“அதான் ஆளே வரலியே. நகரு, நான் நிக்கறேன்,” என்றான் ஃபெர்னான்.

குரு கொலெட்டைப் பார்த்தார். “நீ சொல்லும்மா.”

“எங்க அப்பாதான், ஃபாதர். அம்மா, இங்க வா.”

ஃபெர்னான் ஓர் அடி தள்ளி நின்றான். இன்னோர் அடியும் தள்ளிப்போக வேண்டியிருந்தது. ஜசிந்த் கொஞ்சம் அகலமானவள். குழந்தையை வாங்கிக் கம்பளியில் சுற்றிக்கொண்டாள்.

“இந்தக் குழந்தையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பீர்களா?” என்று கேட்டார் குரு.

“நோர்மானின் பெயரால், நிற்பேன்,” என்றாள் ஜசிந்த்.

அவ்வளவுதான், என் கண்களே. உங்கள் வீட்டு வாசலைத் தேடி வருகிற எவரையும் எந்தப் பாலமும் வழிமறிக்காதிருக்கட்டும். வரமுடியாமல் போனவருக்கும் உங்கள் பந்தியில் ஓர் இலை இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் எல்லாரும் நீடூழி வாழட்டும்.