மூன்றாம் தரம் கூப்பிட்டால்

1911ஆம் வருஷம் கார்த்திகை மாதத்திலிருந்து புலிக்கொல்லைப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது. ஆனாலும் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் பதினாலு பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். பாய் காலியாகக் கிடக்கும். குரல் மட்டும் அவரவர் உட்காரும் இடத்திலிருந்து, அவரவர் உயரத்திலிருந்து, "உள்ளேன் ஐயா" என்று வரும். சளி பிடித்திருந்த பிள்ளையின் குரல் மூக்கடைத்துக்கொண்டுதான் வந்தது. மலையில் அப்போது இருந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருந்தது, அதற்கும் யாரும் ஆச்சரியப்படவில்லை. வயிற்றெரிச்சல் அதில்தான்.

புலிக்கொல்லை சவ்வாது மலைமேல் இருக்கிறது. ஆம்பூரிலிருந்து விடியலில் புறப்பட்டால் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அங்கே இருக்கும் குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். மலையாள தேசத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்கிறவர்களாம். நன்றாக ஆண்டார்கள்! அவர்கள் கொல்லையில் விளைந்த சாமையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் காட்டிலாகாவின் முத்திரை வேண்டியிருந்தது. ஆவாரம்பட்டை உரித்தால் குற்றம், கடுக்காய் பொறுக்கினால் குற்றம். அதே பட்டையையும் கடுக்காயையும் குத்தகைக்காரன் வண்டி வண்டியாகக் கீழே இறக்கினால் அது வியாபாரம். பட்டையும் கடுக்காயும் இல்லாமல் ஆம்பூரில் ஒரு தோலும் பதமாகாது, அந்தத் தோல் இல்லாமல் சீமையில் எவனும் பூட்சு போட முடியாது.

இந்த மலைக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று எங்கோ யாருக்கோ தோன்றி, ஒரு கூரைக் கொட்டகை போட்டு, அரக்கோணத்திலிருந்து தானியேல் என்ற வாத்தியாரை அனுப்பினார்கள். ரயில்வே கலாசியின் மகன், இருபத்திரண்டு வயது, கறுப்புக் கோட்டு ஒன்று வைத்திருந்தார். முதல் நாள் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு விடிந்ததும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அவர் 'வரவில்லை' என்று போட்டார். ஒரு மாதம் இப்படியே போட்டார். மலைக்காரப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று மேலிடத்துக்கும் எழுதினார். எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்குப் பயிற்சி கொடுக்கவில்லை போலும்.

விஷயம் என்னவென்றால், மலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தரம் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், இரண்டாம் தரமும் சொல்ல மாட்டார்கள். காட்டில் மனிதர் அல்லாததும் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆனால் அது இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாம் தரம் கூப்பிட மனிதத் தொண்டை வேண்டும். அவசரப்பட்டு முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொன்னவன் குரல், கூப்பிட்ட அதனோடேயே போய்விடும் என்பது அங்கே பால்குடி மாறாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு மாதம் கழித்து, முன்வரிசையில் உட்காரும் சடச்சி என்ற ஒன்பது வயதுப் பெண்தான் பொறுக்க முடியாமல் எழுந்து, "மூணு தரம் கூப்புடு ஐயா, அப்பத்தான் நீ மனுசன்னு தெரியும்" என்றாள். தானியேல் மூன்று தரம் கூப்பிட்டார். கொட்டகை அதிர்ந்தது.

சடச்சி வெள்ளச்சியின் மகள். வெள்ளச்சிக்குப் புருஷன் இல்லை, கரடி அடித்துப் போய்விட்டான். இருந்தது இந்த ஒரு பெண்தான். களை பிடுங்கும் காலத்தில்கூட அவளைக் கொல்லைக்கு இழுக்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். ஏன் என்று கேட்டால், "காட்டிலாகாக்காரன் காட்டுற காகிதத்துல இன்னா எழுதியிருக்குன்னு எம் பொண்ணு படிச்சிச் சொல்லணும்" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது. அதிகப்படியான ஆசை என்று யாராவது சொல்ல முடியுமா?

மூன்றாம் வருஷம் அடைமழை விட்டதும் துரைசாமி மேஸ்திரி மலையேறி வந்தான். ஆம்பூரில் ஆற்றோரம் தோல் பதனிடும் ஒரு மண்டிக்கு ஆள் சேர்க்கிறவன். பட்டைக் குழிக்குள் இறங்கித் தோலை மிதிக்கவும், தொட்டிகளுக்கு நடுவே இருந்த ஒற்றையடி வரப்பில் ஓடவும் அவனுக்குச் சின்னக் கால்கள் வேண்டியிருந்தன. அதையா சொல்வான்? "ஆம்பூர்ல பெரிய இஸ்கூல் இருக்கு, காரை போட்ட தரை, ரெண்டு வேளை சோறு, பொங்கலுக்குக் கொண்டாந்து விட்டுடறேன்" என்றான். ஊர்க்காரர்கள் வாத்தியாரைக் கேட்டார்கள். வாத்தியாருக்கு உண்மை தெரியும். மேஸ்திரி முந்தின நாளே அவரிடம், பிள்ளைகள் போனாலும் வருகையில் குறை இருக்கக் கூடாது, குறைந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், உம்முடைய பிழைப்பும் போய்விடும், யோசித்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தான். தானியேல் யோசித்தார். பிறகு ஊர்க்காரர்களிடம், "நல்ல இஸ்கூல்தான்" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் நாக்கு அழுகியிருக்க வேண்டும். அழுகவில்லை.

பிள்ளைகள் கீழே இறங்கிப் போன மறுநாள் தானியேல் வெறும் கொட்டகையில் உட்கார்ந்து, பழக்கத்தினாலோ பயத்தினாலோ பெயர் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டதும் பதில் வந்தது. முதலில் வேர்த்துப்போனார். நாலு நாளில் பழகிவிட்டது. கேட்ட குரலுக்குத்தானே 'வந்திருக்கிறது' என்று போடுகிறோம், இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அந்த மாதமே பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் டோலியில் வந்தார். டோலி தூக்கியவர்கள் அந்தப் பிள்ளைகளின் அப்பன்மார். கொட்டகை வாசல் தாழ்வு என்பதால் இன்ஸ்பெக்டர் உள்ளே வரவில்லை. வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயர் கூப்பிடச் சொல்லிக் கேட்டார். எல்லாக் குரலும் வந்தது. இவ்வளவு அமைதியான, ஒழுக்கமான பிள்ளைகளைத் தாம் வேறெங்கும் கண்டதில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

வெள்ளச்சி ஒருநாள் விறகோடு அந்தப் பக்கம் வந்தவள் மகள் குரலைக் கேட்டாள். விறகைப் போட்டுவிட்டு ஓடி உள்ளே நுழைந்தால் பாய்தான் இருந்தது. பாய்க்கு முன்னால் குந்தினாள்.

"சடச்சி, சடச்சி, அடியே சடச்சி! எங்கடி கீறே?"

"உள்ளேன் ஐயா."

"சோறு தின்னியா?"

"உள்ளேன் ஐயா."

"ஐயான்னு யாரைச் சொல்றே? நான் உங்கம்மாடி!"

"உள்ளேன் ஐயா."

மூன்று வருஷம் படித்த படிப்பில் தைரியமாகச் சொல்ல வந்தது அது ஒன்றுதான். வெள்ளச்சி எழுந்து, வாத்தியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே மலையிறங்கினாள்.

தோல் மண்டி வாசலில் அஹமது பாஷா என்ற காவல்காரர் இருந்தார். "இங்க நின்னு பேஜார் பண்ணாதே அம்மா, மேஸ்திரி பார்த்தா ஜாஸ்தி கத்துவான்" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்துத் திறந்துவிட்டார். பிள்ளைகள் இடுப்பளவு பட்டைக் குழியில் நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். கால்கள் முழங்கால் வரை பழுப்பாகிப் போயிருந்தன. சடச்சி அம்மாவைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. பதினாலு பிள்ளைகளுக்கும் அப்படியே. மலையை விட்டு இறங்கிய நாளிலிருந்து ஒருவருக்கும் குரல் இல்லை. மேஸ்திரிக்கு அதில் பரம திருப்தி. அடித்தால் சத்தம் வராது.

"உம் பொண்ணா? அவளே சொல்லட்டும், அழைச்சிக்கினு போ" என்றான் துரைசாமி. சடச்சி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு வாயை வாயைத் திறந்தாள். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். வெள்ளச்சி சர்க்கார் கச்சேரிக்குப் போய் மரத்தடியில் இரண்டு நாள் கிடந்தாள். அங்கிருந்த குமாஸ்தா எதையோ புரட்டிப் பார்த்து, உன் பெண் இந்த மாதம்கூடப் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறாள், இன்ஸ்பெக்டரே காதால் கேட்டிருக்கிறார், ஒரு பெண் எப்படி இரண்டு இடத்தில் இருப்பாள் என்று கேட்டார். சர்க்கார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பெற்றவளுக்கு என்ன தெரியும்?

வெள்ளச்சி திரும்ப மலையேறினாள். குரல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பிள்ளை இருப்பதாக இந்த உலகம் கணக்குப் பண்ணுகிறது என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. அப்படியென்றால் குரலைக் கீழே கொண்டுபோக வேண்டும். தான் கூப்பிட்டாலும் அது ஐயாவுக்குத்தான் பதில் சொல்கிறது, ஆகவே அந்த ஐயாவே கீழே வந்து கூப்பிட வேண்டும். வீடு வீடாகப் போய் மற்றத் தாய்மாரிடம் சொன்னாள். பாதிப் பேர் நம்பவில்லை, ஊர்க்கவுண்டன் நாள் பார்க்க வேண்டும் என்றான். சாமை அறுப்பு முடியட்டும் என்றார்கள் சிலர். நாசமாய்ப் போகிற ஒரு வாரம் இதில் கழிந்தது.

அந்த வாரத்தில் ஒரு காலை. தானியேல் வருகை எடுக்க உட்கார்ந்தார். இன்னும் ஒரு பெயர்கூடக் கூப்பிடவில்லை. முன்வரிசையிலிருந்து சடச்சியின் குரல் "உள்ளேன் ஐயா!" என்று அலறியது. நிற்காமல் அலறியது. மூச்சு விடாமல் திரும்பத் திரும்ப அதையே அலறியது. "மெதுவாச் சொல்லு, காது கேக்குது" என்று அதட்டினார் வாத்தியார். சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. அவர் அவளுக்கு 'வந்திருக்கிறாள்' என்று போட்டார்.

கடைசியில் தாய்மார் எல்லோரும் சேர்ந்து வந்து, கறுப்புக் கோட்டைப் பிடித்துத் தானியேலை வெளியே இழுத்தார்கள். "பள்ளிக்கூடம் மூடிடுவாங்கம்மா" என்றார். "மூடட்டும்" என்றாள் வெள்ளச்சி. மலை இறங்கும் வரை கோட்டை விடவில்லை. தோல் மண்டி வாசலில் அவரை நிறுத்தினார்கள். அஹமது பாஷா இந்தத் தடவை இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்துவிட்டு, வேலை போனால் போகட்டும் என்று ஓரமாக நின்றார். வாத்தியார் பெயர் கூப்பிட்டார். முதல் தரம் ஒன்றுமில்லை. மேஸ்திரி சிரித்தான். இரண்டாம் தரமும் ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது குழிக்குள்ளிருந்து "உள்ளேன் ஐயா" வந்தது. கூடவே "அம்மா" என்றும் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை கத்திக்கொண்டே குழியை விட்டு ஏறி ஓடி வந்தது. தெருவே கூடிவிட்டது. இத்தனை வாயை அடைக்க மேஸ்திரியிடம் ஆள் இல்லை.

வாத்தியார் சடச்சியை மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. வெள்ளச்சி நான்காம் தரம் கூப்பிட்டாள், ஐந்தாம் தரம் கூப்பிட்டாள்.

அஹமது பாஷாதான் சொன்னார். போன வாரம் காலையில் தொட்டி வரப்பில் கால் வழுக்கிச் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்துவிட்டாள். பக்கத்தில் ஆள் இருந்தது. ஒரு சத்தம் கேட்டிருந்தால் தூக்கியிருப்பார்கள். சத்தம் வரவில்லை. கத்துவதற்குக் குரல் இல்லை. குரல் மலைமேல் வாத்தியாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத் தானியேல் தெருப்புழுதியில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகச் சொல்லச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். பாலாற்று மணலில் ஒரு மேட்டைக் காட்டினார்கள். வெள்ளச்சி அதைத் தோண்டச் சொல்லவில்லை. அன்று அதே வேளையில் புலிக்கொல்லையில் ஆடு மேய்த்தவர்கள், காலிக் கொட்டகையில் ஒரே ஒரு குரல் ஐந்து தரம் பதில் சொன்னதாகச் சொன்னார்கள்.

துரைசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் வேறு மலைக்குப் போனான். வீடு திரும்பிய பிள்ளைகளை யாரும் மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. எப்படி அனுப்புவார்கள்? இன்ஸ்பெக்டர் வந்து, மலைக்காரர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை, ஒரு பெண் மட்டும் விதிவிலக்கு என்று எழுதினார். அந்த வருஷம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்ததற்காக அவளுக்கு ஒரு பித்தளைச் செம்பு பரிசு வந்தது. தானியேல் அதைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார். வெள்ளச்சி வாங்கினாள். தினமும் அதில் சுனைத் தண்ணீர் மொண்டு பாயில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் குறைந்திருக்கும்.

அந்த ஒரு வருகைக்காகப் பள்ளிக்கூடம் மூடப்படாமல் இருந்தது. தானியேல் தலை நரைக்கும் வரை அங்கேயே இருந்தார். வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோதெல்லாம் வேண்டாம் என்று எழுதினார். தினமும் மூன்று தரம் கூப்பிட்டு, அன்றன்றைய பாடத்தை முன்வரிசைக்குச் சொல்லிக்கொடுத்தார். சில வருஷத்தில் அந்தக் குரல் கெட்டிப்பட்டது. ஊர்ப் பெண்கள் வந்து பாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துச் சடங்கு செய்தார்கள். பிறகு அது காட்டிலாகாவின் காகிதங்களைப் படிக்க ஆரம்பித்தது. யாராவது நோட்டீஸைப் பாய்மேல் விரித்து வைத்தால் கடகடவென்று படித்து, இதில் நிலம் உனக்கென்று எழுதவில்லை, கைநாட்டு வைக்காதே என்று சொல்லும். சுற்றுவட்டத்தில் பத்து ஊர்க்காரர்கள் காகிதத்தோடு வந்தார்கள். காட்டிலாகாக்காரர்கள் அந்தக் கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தானியேல் காலமான பிறகு, 1932இல் கலவை என்ற ஊரிலிருந்து சீனிவாசன் என்ற புது வாத்தியார் வந்தார். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து, இருந்த ஒரே பெயரை ஒரு தரம் கூப்பிட்டார். காலிப் பாயைப் பார்த்தார். 'வரவில்லை' என்று போடப் பேனாவை எடுத்தார்.

மூலையில் உட்கார்ந்திருந்த வெள்ளச்சி கையை ஊன்றி எழுந்தாள்.

"இன்னும் ரெண்டு தரம் கூப்புடுய்யா. நீ மனுசன்னு எம் பொண்ணுக்குத் தெரிய வேணாமா?"

சீனிவாசன் அவளைப் பார்த்தார், செம்புத் தண்ணீரைப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார். அப்புறம் மூன்றாம் தரம் கூப்பிட்டார். முன்வரிசையிலிருந்து பதில் வந்ததும் 'வந்திருக்கிறாள்' என்று போட்டுவிட்டு, போன வாத்தியார் எந்தப் பாடத்தில் விட்டார் என்று கேட்டார்.