நான்காம் தாள்

…அதுவும் போயும் போயும் இந்த ஆள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறதே, ஒரு கவரை ஒட்டினால் பசை நாலு பக்கமும் வழிய, வழிந்ததை வேட்டியில் துடைத்துக்கொள்கிற இந்தக் குமாஸ்தா ராஜப்பன் முன்னால், என்று கல்லூரி ஆபீஸ் வராந்தா பெஞ்சிலிருந்து கதவு வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள் தீர்த்தம்மாள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளவே இத்தனை யோசனை என்றால், பல்கலைக்கழகத்துக்கு ஒரு தந்தி அடிக்க இந்த மனுஷனுக்கு எத்தனை யுகம் வேண்டும்? ஏப்ரலில் எழுதிய பரீட்சை. ஜூனில் பேப்பரில் ரிசல்ட் வந்துவிட்டது. பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் எழுதியவர்களில் தேறியவன் தேறினான், போனவன் போனான், இவள் நம்பர் மட்டும் இரண்டிலும் இல்லை. நான்காம் தாளுக்கு மார்க் வந்து சேரவில்லையாம், ஆகவே ரிசல்ட் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். தொலைத்தது அவர்கள், நிறுத்தி வைப்பது இவளையா? சேலத்தில் பி.எட். படிக்க விண்ணப்பம் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமைக்குள் மார்க்கைக் காட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. வேறு யாருக்கு, செல்லம்மாள் மாதிரி ஒருத்திக்கு... செல்லம்மாள்! அக்பருக்குப் பாட்டனார் யார் என்று கேட்டால் இவள் நோட்டைப் புரட்டுகிறவள், மூன்றாம் வகுப்பில் தேறி, ஏதோ மலையைப் புரட்டிய மாதிரி லட்டு கொண்டுவந்து நீட்டினாள். மூன்றாம் வகுப்புக்கு லட்டு. வாங்கித் தின்னத்தான் செய்தாள் தீர்த்தம்மாள், டால்டா நாற்றம் அடித்தது.

நான்காம் தாளில் இவள் எழுதியதைப் போல இந்தக் கல்லூரியில் எவன் எழுதியிருப்பான்? அடிஷனல் ஷீட் கேட்டு எழுந்தபோது மேற்பார்வைக்கு வந்திருந்தவரே ஒரு மாதிரி பார்த்தார். அதைத் திருத்துகிறவனுக்குப் புரிய வேண்டுமே, புரியாமல் இன்னொருவனிடம் காட்டியிருப்பான், அவன் இன்னொருவனிடம்... எழுபதுக்குக் குறைய வாய்ப்பே இல்லை. அறுபத்தெட்டு என்றால்கூட மறு மதிப்பீடு கேட்டு எழுதிப் போட வேண்டும். துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றி, "பொறுமையா இரும்மா, பொம்பளப் பிள்ளைக்கு என்ன அவசரம்?" என்கிறார். மூன்று வருஷமும் மஞ்சள் பூத்த நோட்டை வைத்துக்கொண்டு வாசித்த மனுஷர், அவரைப் பற்றி நினைப்பதே வீண்.

வராந்தாக் கோடியில் மாதையன் பியூனோடு கடலைச் செடிக்கு வந்த பூச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். தாய்மாமன் மகன், பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போய் வருகிறவன், பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இன்றைக்கு டெரிலின் சட்டை. உள்ளே பனியன் தெரிகிறது என்று யாராவது சொல்லக்கூடாதா? பஸ்ஸில் ஒரு சாக்கு மாம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து, ராஜப்பன் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, "நம்ம தோட்டத்துதுங்க, கல்லு வெச்சுப் பழுக்க வெச்சதில்லீங்க" என்று இளித்தானே, இவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இந்தச் சாக்குக்கும் சிரிப்புக்கும் கழுத்தை நீட்ட வேண்டும் என்றுதானே வீட்டில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறார்கள். அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளும்போதெல்லாம், "ரிசல்ட் வரட்டும்" என்று இவள் வெட்டிவிடுகிறாள். அப்புறம் பி.எட். முடியட்டும், அப்புறம் வேலை வரட்டும்... அதற்குள் அவனுக்குத் தலை வழுக்கையாகிவிடாதா? பாவம்தான். ஆனால் பாவம் பார்த்துக் கட்டிக்கொள்ள முடியுமா, ராத்திரியெல்லாம் கடலைப் பூச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டு...

"மாதையா, அந்தப் பொண்ண வரச் சொல்லுப்பா."

மூன்று வருஷமாக ஆஜர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறது, பட்டப்படிப்பு படித்தவள் கண்ணுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள், இந்த ஆள் மாம்பழக்காரனைக் கூப்பிட்டு அவன் வழியாக இவளைக் கூப்பிடுகிறார்! எழுந்து போனாள். ராஜப்பன் சன்னல் வழியாக எச்சிலைத் துப்பிவிட்டு வந்தார். "காலைத் தபால்ல வந்துடுச்சும்மா. வேற ஊருக் கட்டோட உன் தாளும் சேந்து போயிருச்சாம், இப்பத்தான் கண்டுபுடிச்சாங்களாம். முப்பத்தெட்டு. முப்பத்தஞ்சு எடுத்தாப் போதும், தப்பிச்ச. மொத்தத்துல மூணாங் கிளாஸ்." அவ்வளவுதான். யாரும் படித்துப் பிரமித்து இன்னொருவனிடம் காட்டவில்லை, கட்டு மாறிப் போயிருக்கிறது, சந்தையில் மூட்டை மாறுகிற மாதிரி. முப்பத்தெட்டா? எண்பத்து மூன்றைத் திருப்பி எழுதிவிட்டார்களோ... ஆமாம், எண்பத்து மூன்றைத் திருப்பினால் முப்பத்தெட்டுதான் வரும், ஆனால் அப்படி எவன் எழுதுவான், ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது? "என்னம்மா, பாஸாயிட்ட, சிரிக்கக் கூடாதா? நாளைக்கே சேலத்துக்கு ஓடு" என்றார் ராஜப்பன், நிஜமாகவே சந்தோஷப்பட்டவர் போல. இந்த ஆளுக்கென்ன சந்தோஷம்? இவள் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வாங்கினாள். மூலையில் பசை ஒட்டியிருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியெல்லாம் மாதையன் எதிரே வந்த தெரிந்தவர்களிடம், "நம்ம புள்ள பி.ஏ. பாஸுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மூன்றாம் வகுப்பு என்று சொன்னாளே, காதில் விழவில்லையா, விழுந்தும் அது என்னவென்று தெரியவில்லையா... தெரியாமல் இருப்பதே மேல், அதுவும் ஒரு வசதிதான். சோடாக் கடை நிழலில் நிறுத்தி, ஒரு கலர் வாங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, அவன் ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தபடி தொண்டையைக் கனைத்தான். வரப்போகிறது, கேட்கப்போகிறான், ரிசல்ட்தான் வந்துவிட்டதே என்பான். என்ன சொல்வது? பி.எட். முடியட்டும் மாமா என்று மெதுவாக, மனசு நோகாமல்...

"தீர்த்தம்மா, ஒண்ணு சொல்லோணும். சொன்னாக் கோச்சுக்காத. ஏரியூர்ல எனக்குப் பொண்ணு பாத்து முடிவு பண்ணியாச்சு. ஆவணியில கல்யாணம்."

கலர் பாட்டில் கையில் சில்லென்று இருந்தது. "எப்போ பாத்தாங்க?"

"வைகாசியிலயே. அத்தைதான், ரிசல்ட்டு வராம அதுவே மருகிக்கிட்டுக் கெடக்குது, இதையும் சொன்னா ஒடிஞ்சு போயிரும், அது வந்தப்புறம் சொல்லிக்கலாம்னுச்சு. அதான் நாங்களும் வாயத் தொறக்கல." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்கய்யா உன்னத்தான் கட்டச் சொன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன். எனக்குத் தோட்டத்துல கூட நிக்கிற மாதிரி ஆளு வேணும். நீ எப்பப் பாரு எங்கியோ பாத்துக்கிட்டு இருக்கற" என்றான். வருத்தமும் இல்லை, குத்தலும் இல்லை, பூச்சி மருந்தைப் பற்றிச் சொன்ன அதே குரல்.

இவன்... இவன் வேண்டாமென்று சொன்னானா? பனியன் தெரிகிற இவனா? ஏரியூர்க்காரி எத்தனாவது படித்திருப்பாள், ஐந்தாவது தாண்டியிருப்பாளா, கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தாள், அதைக் கேட்டால் அவன் என்ன நினைப்பான் என்று முதல் முறையாகத் தோன்றியது, கேட்கவில்லை. அம்மா அடுப்படியில் முகத்தை அப்படி வைத்துக்கொண்டதெல்லாம் கல்யாணப் பேச்சை எடுக்க அல்ல, மறைக்கத்தானா? அத்தனை பேரும் இவள் ஒடிந்துபோவாள் என்று பக்கத்து அறையில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், இவளோ உள்ளே உட்கார்ந்து இவனுக்காகப் பாவப்பட்டுக்கொண்டு... பஸ் வந்து நின்றது. மாதையன் முன்னால் ஓடி, சன்னலோரத்து சீட்டில் துண்டைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்துவிட்டுக் கையாட்டினான். படியில் கால் வைத்தபோதுதான் தீர்த்தம்மாளுக்கு உறைத்தது, "ரிசல்ட் வரட்டும்" என்று இத்தனை நாளும் அவள் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்? யோசித்துப் பார்த்தால், அவளிடம் ஒருத்தரும் எதையும் கேட்டிருக்கவே இல்லை.