அஞ்சு கட்டை பேசறதில்ல

1

இந்தக் கதை ஒற்றை நட்சத்திரத்திலிருந்து பிறந்தது. வானத்து நட்சத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜூன் மாதத்தில் கீழ் கோத்தகிரியில் அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. போனில் பொருள் வாங்கியவர்கள் போடும் நட்சத்திரம்.

எங்கள் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், சுவர் என்பது பேருக்குத்தான். பக்கத்து வீட்டு இந்துமதி, இலை பறிப்பவள், கையோடு தூக்கிப் போகிற சின்னக் கீபோர்டு ஒன்று வாங்கினாள். மூன்று வாரமாக அவள் வாசிப்பதும் பாடுவதும் என் சமையலறையில் கேட்டது. எனக்கும் ஆசை வந்துவிட்டது. போனில் கடையைத் திறந்து, வாங்கியவர்களின் அனுபவங்களைப் படித்தேன். "பரிசுக்கு வாங்கினேன், டப்பா அருமை" என்று ஒருவர். "கீபோர்டு ஆர்டர் செய்தேன், கீபோர்டே வந்தது, நன்றி" என்று இன்னொருவர். (பாவம், முன்பு என்ன வந்ததோ.) அதற்குக் கீழே:

★ *இந்துமதி, கீழ் கோத்தகிரி. வாங்கி மூணாம் நாள் கூரை ஒழுகித் தண்ணி உள்ள போயிருச்சு. டீத்தூள்ல பொதைச்சு வெச்சோம்.¹ இப்ப அஞ்சு கட்டை பேசறதில்ல.*

கம்பெனியின் பதில்: *அன்பான வாடிக்கையாளரே, டீத்தூள் உத்தரவாதத்தில் அடங்காது.*

¹ வெளியூர்க்காரர்களுக்கு: போன் நனைந்தால் நீங்கள் அரிசியில் புதைப்பீர்கள். நாங்கள் ஃபேக்டரி டிரையரிலிருந்து சூடாக இறங்கிய டஸ்ட் டீயில் புதைப்போம். போன் பிழைத்துக்கொள்ளும். கீபோர்டில் அமுக்கும் கட்டைக்குக் கட்டை இடுக்கு என்பதை அந்த டிரையரிலேயே வேலை பார்க்கும் அவள் புருஷன் விஜயன் யோசிக்கவில்லை.

2

"மலைமுகட்டில் மஞ்சு தவழும் அந்த அதிகாலையில் இந்துமதி தன்" என்று கதையைத் தொடங்கினேன். வேண்டாம். மஞ்சு தவழ்ந்தால் அவள் என் கண்ணுக்கே தெரிய மாட்டாள்.

"இசை என்பது" அடித்துவிட்டேன். எனக்கு இசை தெரியாது. பக்கத்து வீடுதான் தெரியும்.

உண்மையான தொடக்கம் கொஞ்சம் வெட்கக்கேடு. கோத்தகிரியில் ஒரு நர்சரி பள்ளிக்கூடம். கீபோர்டு வாசித்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர ஆள் தேடினார் தலைமை ஆசிரியை ஜெஸிந்தா மிஸ். நான் வாயைத் திறந்தேன்.

"எங்க லைன்ல ஒரு புள்ள இருக்குதுங்க மிஸ். வாசிச்சுக்கிட்டே பாடுமுங்க. என்ற காதால கேட்டிருக்கறனுங்க."

வெள்ளிக்கிழமை நேர்காணல் என்று சொல்லிவிட்டார். சேதியை இந்துமதியிடமும் சேர்த்துவிட்டேன். நான் அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் படித்ததோ வியாழக்கிழமை. அஞ்சு கட்டை பேசாத பெட்டியிலிருந்து மூன்று வாரமாக நான் கேட்டது என்ன?

3

இந்துமதியைப் பொய்க்காரியாக எழுதிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கினால் பெட்டி தானே வாசிக்குமாம். அதைப் போட்டுவிட்டு அவள் வெங்காயம் உரிக்கிறாள் என்று இரண்டு பத்தி. நன்றாகத்தான் வந்தது. ஆனாலும் சந்தேகம் விடவில்லை, நேரில் போனேன். [கதை எழுதுகிறவர்கள் பாத்திரத்தின் வீட்டுக்குப் போகக் கூடாதாம். அவர்கள் வீட்டுச் சுவர் தடிமனாக இருக்கும்.]

"செவுத்துல காது வெக்கறதுக்கு உள்ள வந்தே உக்காருங்க, ராஜியக்கா."

"அஞ்சு கட்டை பேசறதில்லையாமா?"

"யாரு சொன்னாங்க?"

"நீதான். நட்சத்திரம் போட்டு ஊருக்கே சொல்லியிருக்கறயே."

சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினாள். விரல் ஓடியது. செத்த கட்டை வந்தபோது பெட்டியிலிருந்து 'டப்' என்ற வெறும் சத்தம். அதே நொடியில் அந்தச் சுரத்தை அவள் தொண்டை கொடுத்தது. அடுத்த கட்டைக்கு வாய் மூடிக்கொண்டது. நான் பாட்டு என்று ஜெஸிந்தா மிஸ்ஸிடம் அளந்தது இதைத்தான்.

"எனக்குப் பாடத் தெரியாதுங்க்கா. ஓட்டையை அடைக்கறேன், அவ்வளவுதான்."

"அப்ப நாளைக்கு?"

"மழையில நின்னு நின்னு முட்டி போயிருச்சு. இந்த வேலை கெடைச்சா தோட்டத்துல எறங்க வேண்டியதில்ல." கட்டைகளின் மேல் இருந்த டீத்தூளை ஊதினாள். "ஆனா அங்க பள்ளிக்கூடத்துப் பெட்டியில எல்லாக் கட்டையும் பேசுமே. அப்ப நான் எங்க போறதுங்க்கா?"

நான் குனிந்து மீதித் தூளை ஊதினேன்.

4

வெள்ளிக்கிழமைக்கு மூன்று வரைவுகள் வைத்திருக்கிறேன்.

(அ) பழக்கதோஷத்தில் அந்த ஐந்து இடங்களிலும் விரலை எடுத்துவிடுகிறாள். தொண்டையும் அந்த இடங்களை நிரப்பவில்லை. பாட்டில் ஐந்து பொத்தல். மிஸ் மேஜையில் பேனாவைத் தட்டுகிறார்.

(ஆ) கட்டையும் பேசுகிறது, அவள் தொண்டையும் பேசுகிறது. இரண்டும் சேர்ந்து வரும் இடத்தில் குழந்தைகள் எல்லாம் (சினிமாத்தனம். நிறுத்திவிட்டேன்.)

(இ) நடந்தது. குடை பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக நின்றேன். தகரக் கூரையில் கொட்டிய மழையில் ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் பேர்போன எனக்கு!

வெளியே வந்தவளைப் பிடித்தேன். "என்னாச்சு?"

"நாளைக்கு போன் பண்றேன்னாங்க."

"வாசிச்சயா? பாடுனயா?"

"பஸ் வருதுங்க்கா."

5

சனிக்கிழமை அவள் வீட்டில் போன் அடித்தது. பேச்சு கேட்கவில்லை, என் குக்கர் அப்போதுதான் விசிலடித்தது. ஞாயிற்றுக்கிழமை, போனில் அந்தக் கடையைத் திறந்தேன். ஒற்றை நட்சத்திரம் மூன்றாகியிருந்தது. *அஞ்சு கட்டை பேசறதில்ல. பரவாயில்ல.*

மூன்று என்றால் என்ன? வேலை கிடைத்தால் ஐந்து போட்டிருப்பாள். கிடைக்காவிட்டால் எதற்கு இரண்டைக் கூட்டினாள்? 'பரவாயில்ல' என்றது பெட்டியையா, என்னையா?

கதவைத் தட்டிக் கேட்டால் இரண்டு நிமிட வேலை. தட்டக் கை எழவில்லை. முடியாது என்றிருந்தால், அந்த 'முடியாது'வை அவளுக்கு வாங்கிக் கொடுத்தது என் வாய்.

இப்போது திங்கள் காலை, மணி ஏழு. அவள் கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்கிறது. வாசலிலிருந்து இடப்பக்கம் இறங்கினால் தோட்டம். வலப்பக்கம் ஏறினால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் ஸ்டாப். என் ஜன்னலிலிருந்து இரண்டு பாதையும் தெரியும். பதினொரு வருஷமாக இந்த லைனில் யார் எங்கே போனாலும் அங்கிருந்துதான் பார்க்கிறேன்.

இன்று திரையை இழுத்து மூடிவிட்டேன். ஜன்னலை உங்களுக்கு விடுகிறேன். விலக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம் போனாலும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

(இடப்பக்கம் என்றால் மட்டும் சொல்லுங்கள். மழைக்கு என் குடையாவது கொடுக்கலாம்.)