வெறும் வயிற்றில் படிக்கக் கூடாத கதை

1

காலை. அத்தை பல் துலக்குகிறார். முகம் கழுவுகிறார். வெறும் வயிற்றில் மூட்டுவலி மாத்திரை ஒன்று. பிறகு பிரஷர் மாத்திரை. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறார்.

அத்தை என்றால் என் மனைவியின் அம்மா. பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறார். மனைவி இறந்த பிறகும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் தோன்றவில்லை. மூட்டுவலிக்கு மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதிய சீட்டைக் காட்டி அத்தை வருடக்கணக்கில் மாத்திரை வாங்குகிறார். நிறுத்தச் சொன்னால், "உங்க முட்டியா வலிக்குது?" மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் எச்சரிக்கைத் தாளைப் பிரிக்க மாட்டார். நான் எழுதுவதை மட்டும் ஒரு வரி விடாமல் படிப்பார், பிழை பிடிக்க.

இந்தக் கதை அப்படித்தான் பிறந்தது. இலக்கியத் தாகமெல்லாம் இல்லை.

2

தொடக்கம்: அவள் தண்ணீரைப் போல—

வேண்டாம். நீச்சல் சொல்லிக்கொடுத்து வந்த மனைவியைத் தண்ணீரோடு ஒப்பிடுபவனிடமிருந்து பேனாவைப் பிடுங்க வேண்டும்.

மறுபடி: தோள்வலிக்கு அவள் ஒரு மாத்திரை போட்டாள். போதவில்லை. வேறு பெயரில், வேறு நிறத்தில் இன்னொன்றையும் போட்டாள். இரண்டும் ஒரே வகை.* பசித்தால் காபி.

[* இவ்வகை மாத்திரை வலியைக் குறைக்கும்போதே வயிற்றின் உள்சுவருக்கு இருக்கும் காப்பையும் குறைத்துவிடும். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. சாப்பிட்ட பிறகு, குறைந்த அளவு, குறைந்த நாள். பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் சிறுநீரகம் கெடலாம். மருத்துவரைக் கேட்க வேண்டும், பக்கத்து வீட்டை அல்ல.]

3

அடுத்து மலம். தார் போலக் கறுப்பாக.

கதைகளில் ரத்தம் சிவப்பாக, முடிந்தால் வெள்ளைச் சட்டையில் வர வேண்டும். வயிற்றுக்குள் கசியும் ரத்தத்துக்கு அந்த நாகரிகம் தெரியாது. சில சமயம் வலிகூட இல்லாமல் கசியும்.

இதுவரை அத்தை படித்துவிட்டார்.

"சாப்பிடும்போது படிக்கிறவங்க என்ன ஆவாங்க மாப்பிள்ளை?"

"சாப்பிடறாங்களேன்னு சந்தோஷப்படுவேன் அத்தை."

"நக்கல் வேற. நேரத்துக்குச் சாப்பிடாம அவளுக்கு அல்சர் வந்துச்சுன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க? இப்ப ரெண்டு மாத்திரைங்கறீங்க."

"கதைதானே."

"கதைன்னா மட்டும்? ரெண்டாவது மாத்திரை எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்தா? இவ்ளோ பெரிய ஓட்டைய வச்சுக்கிட்டு…"

ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.

4

முடிவுகள்.

(அ) கணவன் மாத்திரைகளை ஒளித்துவைக்கிறான். மாமியார் கடைக்குப் போகிறார்.

(ஆ) மாமியார் திருந்துகிறார். சுகாதாரத் துறை விளம்பரமே தோற்றுவிடும்.

(இ) ஆம்புலன்ஸில் அவள் என் கையைப் பிடித்து, "அம்மாவை நல்லாப் பாத்துக்கோ" என்கிறாள். கண்கள் மெல்ல—

(இ)யை அத்தை முழுதாக அடித்துவிட்டார். "இப்படிப் பேசற ஆளா அவ? நெஜமா என்னதான் சொன்னா?"

அந்தக் கேள்விக்கும் ஓரத்திலிருக்கும் கேள்விக்குறிக்கும் விடை ஒன்றுதான். எழுதினால் அத்தை உடைந்துபோவார். எழுதாவிட்டால் நாளைக் காலையும் வெறும் வயிறு, அதே மாத்திரை. வாசகரே, உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் இங்கேயே மூடிவிடலாம். அத்தையால் முடியாது, கடைசி வரிவரை படிக்கிற தொழில். படித்த பிறகு என்ன செய்வார் என்பது என் கையில் இல்லை.

மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு அவள் சொன்னது:

"இன்னொரு மாத்திரை அம்மா பையிலேர்ந்துதான் எடுத்தேன். அவங்ககிட்ட சொல்லிக்கில்லித் தொலைச்சுடாதடா."